பெயரைக் கடைசியில் எழுதுங்கள்: ஈறு நீர்க்கட்டியைப் பார்க்கப்போகும் இளம் பல் மருத்துவர்களுக்கு

பல் நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கிறீர்கள். சொத்தைப் பல், சீழ், ஆடும் பல், ரத்தம் கசியும் ஈறு என்று நாள் முழுக்க வருவது பெரும்பாலும் இவைதான். நடுவே என்றாவது 50 வயதைத் தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்து, கீழ் உதட்டை விரலால் இழுத்துக் காட்டி, "வலியெல்லாம் இல்ல டாக்டர், கண்ணாடில பாத்தேன், இங்க நீலமா ஒண்ணு புடைச்சிருக்கு" என்பார். பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துபோகும் பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டியாக அது இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். ஓரல் பேத்தாலஜி துறையில் ஸ்லைடு பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். இந்தக் கட்டி ஆபத்தில்லாதது. ஆனால் இதைக் கண்டறியும் முறையை ஒழுங்காகப் பழகிக்கொண்டால் ஆபத்தானவற்றையும் நீங்கள் தவறவிட மாட்டீர்கள்.

1. அபூர்வம் என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள்.

பல்லை உண்டாக்கிய திசுக்களிலிருந்து எழும் நீர்க்கட்டிகளில் பாதிக்கும் மேல், செத்த பல்லின் வேர்நுனியில் வரும் ரேடிகுலர் சிஸ்ட்தான். பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டி நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆகவே ஈறில் புடைப்பைப் பார்த்ததும் அபூர்வமானது கிடைத்துவிட்டது என்று துள்ள வேண்டாம். சாதாரணமானவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அபூர்வமானதற்கு முறை வரும். அதே சமயம், இதெல்லாம் எங்கே நம்மிடம் வரப்போகிறது என்று தள்ளிவிடவும் வேண்டாம். கட்டி சின்னது, வலியும் இல்லை. அதனால் பலர் மருத்துவரிடமே வருவதில்லை. வந்தவர்களுக்கும் சில இடங்களில் கிழித்து விட்டுவிட்டு, எடுத்த சதையைக் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறார்கள். சோதனைக்கு அனுப்பாத கட்டி எந்தக் கணக்கிலும் ஏறாது.

2. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கருவின் ஆறாவது வாரம் வாக்கில் வாயின் மேல்தோலிலிருந்து ஒரு பட்டை உள்நோக்கி இறங்குகிறது. அதுதான் டென்டல் லாமினா. பல் மொட்டுகள் எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன. வேலை முடிந்ததும் அது சிதைந்து மறைய வேண்டும், முழுக்க மறைவதில்லை. சின்னச் சின்னச் செல் கூட்டங்களாக ஈறுக்குள்ளும் எலும்புக்குள்ளும் தங்கிவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு உடற்கூறியலாளர் செர் இவற்றைக் கவனித்து எழுதியதால் அவர் பெயரே இவற்றுக்கு நிலைத்தது. பல பத்தாண்டுகள் சும்மா கிடந்த அந்தக் கூட்டங்களில் ஒன்று உள்ளே நீர் கோத்து விரிவதுதான் நாம் பேசும் கட்டி.

1980இல் வைசாக்கி என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்றை எம்.டி.எஸ். படிக்கப் போகிறவர்கள் தேடிப் படியுங்கள். ஈறு நீர்க்கட்டியும், வேருக்குப் பக்கவாட்டில் எலும்புக்குள் வரும் லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்ட்டும் ஒரே மூலத்திலிருந்து வருபவை என்று அதில் வாதிட்டார்கள். சதைக்குள் வந்தால் ஒரு பெயர், எலும்புக்குள் வந்தால் இன்னொரு பெயர். இதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். கத்தியைக் கையில் எடுக்கும்போது இதுவே முக்கியமாகப் போகிறது.

3. கைக்குழந்தையின் ஈறு முத்தோடு இதைச் சேர்க்காதீர்கள்.

பிறந்த குழந்தையின் ஈறில் வெள்ளை வெள்ளையாகச் சில மணிகள் தெரியும். 'பல்லோட பொறந்திருக்கு' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். அவையும் டென்டல் லாமினா எச்சங்களிலிருந்து வருபவைதான். இவற்றைப் போலவே தோன்றும் மணிகளில், மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வருபவற்றுக்கு எப்ஸ்டீன் பெயரும், ஈறுமேட்டின் பக்கங்களில் வருபவற்றுக்குப் போன் பெயரும் உண்டு. குழந்தைகளிடம் இவை மிகச் சாதாரணம். சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே வெடித்து மறையும். கை வைக்க வேண்டியதில்லை, தாயைத் தைரியப்படுத்தி அனுப்பினால் போதும். பெரியவர்களின் கட்டி அப்படித் தானாக மறையாது. பெயரில் ஒற்றுமை இருக்கிறதே என்று ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் சொல்லிவிடாதீர்கள்.

4. கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரை கண்ணாடியையும் புரோபையும் தொடாதீர்கள்.

எப்போது முதலில் கவனித்தீர்கள், வளர்ந்ததா, அப்படியே இருக்கிறதா, சுருங்கிச் சுருங்கி மறுபடி வருகிறதா, வலித்ததுண்டா, சீழோ ரத்தமோ வந்ததா என்று வரிசையாகக் கேளுங்கள். ஈறு நீர்க்கட்டிக்காரர் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: மாதக்கணக்காகவோ வருடக்கணக்காகவோ இருக்கிறது, மெல்ல வளர்ந்தது, வலி இல்லை. இரண்டு நாளில் வீங்கியது, விண்விண் என்று தெறிக்கிறது என்றால் நீங்கள் தேட வேண்டியது சீழை.

பிறகு மூன்று கேள்விகள். அந்த இடத்தில் முன்பு அடிபட்டதா, அல்லது ஈறில் சதை ஒட்டும் அறுவை சிகிச்சை நடந்ததா? ஒட்டுச் சதைக்கு அடியில் மேல்தோல் செல்கள் சிக்கிக்கொண்டு நீர்க்கட்டி ஆவதுண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உண்டா? வேறு எங்காவது புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்ததுண்டா? நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றின் புற்றுநோய் பரவி ஈறில் சாதுவான சதை வளர்ச்சி போல வந்து நிற்கும். பல் டாக்டர் இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கேளுங்கள்.

5. பார்த்ததை அளவோடு எழுதுங்கள்.

'ஈறில் சிறு வீக்கம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எழுதாததற்குச் சமம். எந்தப் பல், உதட்டுப் பக்கமா நாக்குப் பக்கமா, பல்லோடு ஒட்டிய ஈறா இரு பற்களுக்கு இடைப்பட்ட ஈறா, எத்தனை மில்லிமீட்டர், நிறம் என்ன, மேல்தோல் வழவழப்பாக இருக்கிறதா புண்ணாக இருக்கிறதா, அழுத்தினால் மெத்தென்று உள்வாங்குகிறதா கல்லாக நிற்கிறதா என்று எழுதுங்கள். பெரியோடான்டல் புரோபைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்; அளவு பற்றிய சச்சரவே வராது.

ஈறு நீர்க்கட்டிக்குப் பிடித்த இடம் கீழ்த்தாடையின் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு முன்கடைவாய்ப் பற்களும் உள்ள பகுதி, அதிலும் வெளிப்பக்கம். மேல்தாடையில் வந்தால் பெரும்பாலும் முன்பற்களையும் கோரைப்பல்லையும் ஒட்டி வரும். 40க்கு மேல் 60 வரையிலான வயதுக்காரர்களிடம் அதிகம். குவிந்து, வழவழவென்று, நீலமாகவோ நீலச்சாம்பலாகவோ, சில சமயம் ஈறின் நிறத்திலேயே இருக்கும். பெரும்பாலும் அரை சென்டிமீட்டருக்குள், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர். ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாமல் எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்; ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே வாயில் வந்ததுண்டு.

6. நீலமாக இருப்பதெல்லாம் நீர்க்கட்டி அல்ல.

மெல்லிய தோலுக்கு அடியில் தெளிந்த நீர் தேங்கினால் மேலிருந்து பார்ப்பவருக்கு நீலமாகத் தெரியும். தோலுக்கு அடியில் ரத்தம் இருந்தாலும், உலோகத் துகள் இருந்தாலும், நிறமிச் செல்கள் பெருகினாலும் நீலமாகத்தான் தெரியும். ஆகவே ஒவ்வொன்றாகக் கழித்து வாருங்கள்.

புடைப்பே இல்லாமல் தட்டையான நீலச்சாம்பல் கறை, பக்கத்தில் பழைய வெள்ளி அடைப்பு என்றால் அது அமால்கம் துகள் பதிந்த தடமாக இருக்கலாம். சுத்தமான கண்ணாடி ஸ்லைடு ஒன்றை எடுத்துக் கட்டியின்மேல் மெல்ல அழுத்துங்கள். நிறம் வெளிறி, விட்டதும் திரும்ப வந்தால் ரத்தநாளக் கட்டியைச் சந்தேகியுங்கள். துடிப்பும் தெரிந்தால் கத்தியைத் தூர வைத்துவிட்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள். சிவந்து, தொட்டாலே ரத்தம் வந்தால், அதிலும் கர்ப்பிணி என்றால், பையோஜெனிக் கிரானுலோமா. ஊதா நிறத்தில் கெட்டியாக இருந்து பற்களை விலக்கியிருந்தால் பெரிஃபெரல் ஜயன்ட் செல் கிரானுலோமா. கருநீலப் படலமாக ஒழுங்கில்லாத விளிம்போடு பரவினால், குறிப்பாக மேலண்ணத்திலும் மேல் ஈறிலும், மெலனோமாவை நினைக்காமல் இருக்கக் கூடாது.

பலர் இந்த இடத்தில் மியூக்கோசீல் என்று எழுதிவிடுகிறார்கள். எச்சில் சுரப்பியின் நாளம் அறுந்தால்தான் மியூக்கோசீல் வரும். எலும்போடு ஒட்டிய ஈறில் சாதாரணமாக எச்சில் சுரப்பியே கிடையாது. கீழ் உதட்டின் உட்புறத்தில் அந்தப் பெயர் பொருந்தும். ஈறில் எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

7. பக்கத்துப் பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். செத்த பல்லின் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு ஈறில் வந்து சின்னக் கொப்புளமாக நிற்பது நீங்கள் அடிக்கடி பார்க்கப்போகும் காட்சி. நடுவில் ஊசித்துளை போலச் சிறு வாய் இருந்தால் அதற்குள் மெல்லிய கட்டாபெர்ச்சா குச்சியைச் செலுத்தி எக்ஸ்ரே எடுங்கள். எந்தப் பல்லின் வேர் என்று அது போய்க் காட்டும். அதற்கு வேர் சிகிச்சைதான் வைத்தியம்.

குளிர் வைத்துச் சோதிக்கும்போது சந்தேகப்படும் பல்லில் தொடங்காதீர்கள். எதிர்ப்பக்கத்து நல்ல பல்லில் முதலில் வையுங்கள். எப்படிக் கூசும் என்று நோயாளிக்குத் தெரிந்தால்தான் அவர் சொல்லும் பதிலை நம்பலாம். கேப் போட்ட பல்லில் மின்சாரச் சோதனைக் கருவியின் கணக்கு எடுபடாது. ஈறு நீர்க்கட்டிக்குப் பக்கத்துப் பற்கள் உயிரோடு, ஆடாமல் இருக்க வேண்டும்; புரோபை விட்டுப் பார்த்தால் கட்டிக்கும் ஈறுப் பைக்கும் பொதுவாகத் தொடர்பு இருக்காது. நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துவிட்டு, கட்டி அப்படியே இருக்கிறதே என்று விழிக்கும் நிலைமை இந்தச் சோதனையைத் தாண்டிப் போனவர்களுக்குத்தான் வரும்.

8. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு சேதிதான்.

ஈறு நீர்க்கட்டி சதைக்குள் இருப்பது; ஆகவே பெரும்பாலும் படம் சுத்தமாக இருக்கும். சில சமயம் கட்டி வெளியிலிருந்து அழுத்தி எலும்பின் மேற்பரப்பைச் சற்றுக் குடைந்திருக்கும். அப்போது மங்கலான வட்ட நிழல் விழும். மாறாக, இரண்டு வேர்களுக்கு நடுவே வெள்ளை விளிம்பு கட்டிய தெளிவான கருவட்டம் தெரிந்தால் லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்ட்டை முன்னால் வையுங்கள். வட்டம் பல அறைகளாகப் பிரிந்திருந்தால் 1973இல் வெதர்ஸும் வால்ட்ரனும் விவரித்த பாட்ரியாய்டு வகையை நினையுங்கள். அது திரும்ப வரும் இயல்புள்ளது.

கீழ்த்தாடையில் இன்னொரு பொறி உண்டு. முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனி அருகே நரம்பு வெளிவரும் மென்டல் துளை படத்தில் கருவட்டமாகத்தான் விழும். குழாயின் கோணத்தை மாற்றி இரண்டாவது படம் எடுங்கள். துளையின் நிழல் வேரை விட்டு நகர்ந்துவிடும். ஈறுக்கட்டியின் நிழல் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். துளை அதற்குக் கீழே, ஆழத்தில் இருக்கும். எலும்பு சம்பந்தப்பட்டிருக்கிறது என்று தோன்றினால் சி.பி.சி.டி. எடுக்கலாம். கருவி இருக்கிறதே என்பதற்காக எல்லோருக்கும் எடுக்க வேண்டாம். கதிர்வீச்சும் நோயாளியின் காசும் வீண்.

9. மாத்திரை எழுதிக் காலம் கடத்தாதீர்கள்.

ஈறு வீக்கம் என்று யார் வந்தாலும் அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் 5 நாளைக்கு எழுதிக்கொடுக்கும் பழக்கம் பல கிளினிக்குகளில் கைக்கு வந்துவிட்டது. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எந்தக் கிருமியைக் கொல்ல அந்த மாத்திரை? கட்டி குறையாது, நோயாளி அலுத்துப்போய் வேறு டாக்டரிடம் போவார், அவரும் அதையே எழுதுவார்.

குத்தி நீரை எடுத்துவிடுவதும் இதே ரகம். நீர் வடிந்ததும் கட்டி அமுங்கும், நோயாளி கும்பிட்டுவிட்டுப் போவார், சில வாரத்தில் மறுபடி நிரம்பும். நீரைச் சுரக்கும் சுவர் உள்ளேயே இருக்கிறதல்லவா? சின்னக் கட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சினால் அதன் எல்லையும் தெரியாமல் போய்விடும். உள்ளே ரத்தம் இருக்குமோ என்ற சந்தேகம் கண்ணாடி ஸ்லைடு வைத்துப் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால் மட்டும் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துங்கள்.

10. 'கேன்சரா டாக்டர்?' என்ற கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வாய்ப்புற்றுநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. 'ஒண்ணுமில்ல, போங்க' என்று சொல்லாதீர்கள். சோதனைக்கு முன்னால் அப்படிச் சொல்ல உங்களுக்கு ஆதாரம் இல்லை. 'பயாப்சி பண்ணாத்தான் தெரியும்' என்று மொட்டையாகச் சொல்லவும் வேண்டாம். அன்றிரவு அவர் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள். இப்படிச் சொல்லலாம்: "அம்மா, பாத்த வரைக்கும் பயப்படும்படி எதுவும் தெரியல. ஆனா இதை முழுசா எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வோம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

பயப்பட வேண்டிய அடையாளங்களை நீங்கள் மனப்பாடமாக வைத்திருங்கள்: இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தொட்டால் கல் போன்ற இறுக்கம், காரணமின்றி ஆடும் பல், மரத்துப்போகும் உதடு, பல் பிடுங்கியும் மூடாத குழி, கழுத்தில் தட்டுப்படும் நெறி. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

11. எடுப்பதானால் முழுதாக எடுங்கள்.

இவ்வளவு சிறிய கட்டிக்குக் கொஞ்சம் வெட்டிச் சோதனை, பிறகு மீதி என்ற இரண்டு வேலை தேவையில்லை. முழுதாக எடுப்பதே சோதனை, அதுவே வைத்தியமும். மரத்துப்போகும் மருந்தைக் கட்டிக்குள் செலுத்தாதீர்கள். சற்றுத் தள்ளிச் சுற்றிலுமோ நரம்புக்கோ போடுங்கள். கட்டியின் சுவர் வெங்காயத்தின் உள்தோலை விட மெல்லியது. இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் கிழிந்துவிடும், நசுங்கிய செல்களை மைக்ராஸ்கோப்பில் யாராலும் படிக்க முடியாது. ஓரத்துத் திசுவில் ஒரு தையல் நூலைக் கோத்து அதைப் பிடித்துக்கொண்டு பிரித்தெடுங்கள். கிழிந்தே விட்டாலும் சுவரைத் துண்டு துண்டாகவாவது சேகரியுங்கள். நீர் போனதால் ஒன்றும் நஷ்டமில்லை, சுவர் போனால் ரிப்போர்ட்டே இல்லை.

கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பகுதியில் ஈறு மடிப்பை (ஃபிளாப்) உயர்த்தும்போது மென்டல் நரம்பை மறக்காதீர்கள். நேராகக் கீழே இறங்கும் வெட்டை அந்த இடத்தில் தவிர்த்துவிட்டு முன்னால் தள்ளிப் போடுங்கள். ஒரு தீங்கில்லாத கட்டியை எடுத்துக்கொடுத்துவிட்டு உதட்டை மரத்துப்போகச் செய்து அனுப்பினால் அந்த நோயாளி உங்களை வாழ்நாளெல்லாம் நினைப்பார்.

12. தைப்பதற்கு முன் எலும்பைப் பாருங்கள்.

என் அறிவுரைகளில் ஒன்றை மட்டும்தான் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈறு நீர்க்கட்டியும் லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்ட்டும் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்லைடை மட்டும் வைத்து என்னால் அவற்றைப் பிரிக்க முடியாது. பிரித்துச் சொல்லக்கூடியவர் கத்தி பிடித்தவர்தான். மடிப்பைத் தூக்கிக் கட்டியை எடுத்த பிறகு எலும்பு வழவழவென்று முழுதாக இருந்ததா? வெளியிலிருந்து அழுத்தியதால் ஆழமில்லாத பள்ளம் மட்டும் விழுந்திருந்ததா? அல்லது எலும்பில் ஓட்டை இருந்து, கட்டி வேரை ஒட்டி உள்ளிருந்து வெளியே வந்திருந்ததா? முதல் இரண்டும் ஈறு நீர்க்கட்டியைச் சொல்லும். மூன்றாவது, எலும்புக்குள் பிறந்த கட்டி வெளியே எட்டிப்பார்த்த கதை. ரத்தத்தைத் துடைத்துவிட்டு அரை நிமிடம் நின்று பார்த்தால் தெரியும். தைத்து மூடிய பிறகு இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது.

13. பாட்டிலிலும் படிவத்திலும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

எடுத்த திசுவை உடனே 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடுங்கள். திசுவின் கொள்ளளவைப் போலக் குறைந்தது 10 மடங்கு திரவம் வேண்டும். சலைன் வேண்டாம், ஸ்பிரிட் வேண்டாம், காலியான ஊசிமருந்துக் குப்பியில் மிச்சமிருக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். வாய் அகன்ற பாட்டிலாக எடுங்கள். குறுகிய வாயில் போகும்போது மெத்தென்றிருந்த திசு, கெட்டியான பிறகு வெளியே வர மறுக்கும். பெயரைப் பாட்டிலின் உடம்பில் ஒட்டுங்கள். மூடியில் ஒட்டினால் பரிசோதனைக்கூடத்து மேஜையில் மூடிகள் மாறிப்போகும்.

படிவத்தில் வயது, இடம், எத்தனை நாளாக, அளவு, நிறம், பல்லின் உயிர், எக்ஸ்ரே, பழக்கவழக்கம், முன்பு சொன்ன எலும்பு விவரம், உங்கள் சந்தேகம் எல்லாவற்றையும் எழுதுங்கள். 'ஈறுக்கட்டி, தயவுசெய்து பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறவர்களுக்கு, ஒரு வரிக்கு மேல் எங்களால் என்ன பதில் எழுத முடியும்?

14. ஸ்லைடில் என்ன தேடுகிறோம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஓரல் பேத்தாலஜி எடுக்காதவர்களுக்கும் இது உதவும். ஈறு நீர்க்கட்டியின் உட்சுவர் ஒன்று முதல் மூன்று செல் தடிமனே இருக்கும். செல்கள் தட்டையாகவோ சிறு கட்டங்களாகவோ இருக்கும். இடையிடையே அந்தச் சுவர் திடீரென்று தடித்துத் திட்டாகும். அந்தத் திட்டில் கிளைகோஜன் நிறைந்த, வெளிறிய கிளியர் செல்கள் தெரியலாம். சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் அழற்சி பெரும்பாலும் இருக்காது. திட்டு எல்லா வெட்டிலும் விழாது. சந்தேகம் இருந்தால் மெழுகுக் கட்டையில் இன்னும் ஆழமாக வெட்டச் சொல்ல வேண்டும்.

இதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்வதும் எங்கள் வேலையே. அடிச்செல்கள் வரிசைகட்டி நின்று, மேலே கெராட்டின் அலையலையாக இருந்தால் அது கெரட்டோசிஸ்ட். அபூர்வமாக ஈறின் சதையிலும் வரும், எடுத்தாலும் திரும்பக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதை டியூமர்களின் பட்டியலுக்கு மாற்றி, 2017இல் மறுபடி நீர்க்கட்டிகளுக்கே கொண்டுவந்தது. சளி சுரக்கும் செல்களும் சுரப்பி போன்ற இடைவெளிகளும் தெரிந்தால் கிளாண்டுலர் ஓடான்டோஜெனிக் சிஸ்ட்டையும், சுரப்பிப் புற்றுநோய்களையும் யோசிக்க வேண்டும். ஈறில் வரும் அமெலோபிளாஸ்டோமாவும் இந்த வரிசையில் உண்டு. வாயில் பார்க்கும்போது இவற்றில் எதுவும் ஒரு சின்ன, வலியில்லாத புடைப்பாகவே தெரியக்கூடும். எடுத்ததை எல்லாம் அனுப்புங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

15. ரிப்போர்ட்டின் கடைசி வரியை மட்டும் படிக்காதீர்கள்.

விவரணையை முழுக்கப் படியுங்கள். நீங்கள் வாயில் பார்த்ததும், எலும்பில் பார்த்ததும், அந்தத் தாளில் இருப்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் போனை எடுத்து எங்களைக் கூப்பிடுங்கள். சண்டை போடவும் தயங்க வேண்டாம். மூன்றும் சேர்ந்த பிறகுதான் கேஸ் ஷீட்டில் பெயர் ஏற வேண்டும். அதுவரை 'ஈறுப் புடைப்பு, ஆய்வில்' என்று இருந்தால் யாருக்கும் அவமானமில்லை.

ஒரு வாரத்தில் தையல் பிரிக்க வரச் சொல்லுங்கள். பிறகு 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் ஒருமுறை பாருங்கள். ஈறு நீர்க்கட்டி முழுதாக எடுத்த பின் திரும்புவது மிக மிக அரிது. திரும்பினால், மறுபடி வெட்டுவதற்கு முன் பழைய ஸ்லைடை எடுத்து இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை நோயாளியிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அனுப்புங்கள். அதே ஈறில் பின்னால் எது வந்தாலும், அதைப் பார்க்கப்போகும் பல் மருத்துவர் அநேகமாக நீங்களாக இருக்க மாட்டீர்கள். அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.